நாலு பாடமும் ஓர் அரைப்பேரும்

பல்கலைக்கழகத்தில் என்னை ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்ற வீடுகளில் இது சாதாரணச் செய்தியாக இருந்திருக்கக்கூடும். பதுளைக்கு மேலே, தேயிலை மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது இழவுச் செய்தியாகப் போய்ச் சேர்ந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்களை எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பது என்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஆற அமர யோசித்துக்கொண்டிருந்தன. அதற்குள் ஒரு பல்கலைக்கழகம் என்னைச் சேர்த்துக்கொண்டதை அவசரப்புத்தி என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து அந்தப் படியில் கால் வைத்த முதல் ஆள் நான். முதல் ஆளுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே நடப்பதாக அவன் எதைச் சொன்னாலும் அதை மறுக்க ஆளில்லை. ஆனால் கேட்பவர்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்த கணக்கில்தான் புரிந்துகொள்வார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து எடுக்கிறவர், தோட்டத் துரை வைத்த ராத்தல் எடையைக் கூடையில் காட்டினால் அன்றைக்கு முழுப்பேர். காட்டாவிட்டால் அரைப்பேர், அரைச் சம்பளம். சம்பளம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அரைப்பேர் வாங்கியவர் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் லயத்துக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். அதைத்தான் பொறுக்க முடியாது.

என் அப்பா சில்லறைக் கங்காணி. ஒரு கூட்டம் ஆட்களைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குக் கூட்டிவந்து, பிறகு மலையில் அவர்கள் பின்னால் நின்று, கையில் ஒரு கம்பும் வாயில் ஒரு நிகண்டுமாக வேலை வாங்குவது அவர் தொழில். அரைப்பேர்க்காரர்களை அவர் திட்டுகிற திட்டுக்கு வெட்கப்பட்டுத் தேயிலைச் செடியே நாலு துளிர் கூட விடும் என்று சொல்வார்கள். அம்மாவும் அவர் கூட்டத்தில்தான் கொழுந்தெடுத்தார். சொந்தப் பெண்டாட்டிக்கே அரைப்பேர் போட்ட கங்காணி என்று அப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டம் வரை ஒரு புகழ் இருந்தது. அந்தப் புகழுக்கான விலையை அவர் வீட்டில், உப்பில்லாத குழம்பாக, அவ்வப்போது செலுத்தி வந்தார்.

நாலு பாடம் என் தலையில் ஏறியதற்குக் காரணம் பதுளைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாள், கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார். அவர்தான் எனக்கு ஆங்கிலம் புகட்டியவர், பரீட்சைக்கு அனுப்பியவர், பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் தன் கைப்பட நிரப்பியவர். பாடங்கள் எழுதும் இடம் வந்ததும் என்னைக் கேட்காமலே நாலு எழுதினார்.

"நாலு கட்டாயமோ சேர்?" என்று கேட்டேன்.

"கட்டாயமோ இல்லையோ, கெட்டிக்காரன் நாலு எடுப்பான். மூண்டு எடுத்தால் சனம் என்ன கேக்கும் தெரியுமோ? மற்றது எங்கை எண்டு கேக்கும்."

எந்தச் சனம் என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சனமாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் லயத்துச் சனம், பாடம் என்பது எண்ணத்தக்க பொருள் என்பதையே அறியாது.

தமிழ், வரலாறு, புவியியல், பொருளியல் என்று நாலு. தமிழ் வீட்டு மனிதர் மாதிரி, திட்டினாலும் சோறு போடும். வரலாற்றில் இறந்துபோனவர்கள்தான் வந்தார்கள், அவர்களால் தொந்தரவில்லை. புவியியலில் மலை, மழை, காற்று எல்லாம் நான் நேரில் நனைந்த விஷயங்கள். பொருளியல்தான் என்னைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. விரிவுரையாளர் கரும்பலகையில் இரண்டு வளைகோடுகள் போடுவார். அவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விலை இருக்கிறது என்பார். வகுப்பே அந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டும். நானும் பார்ப்பேன். வெண்கட்டித் தூள் தெரியும், விலை தெரியாது. இதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. ஆனால் ஆங்கிலத்தில் விளங்காமல் இருப்பதில் ஒரு கௌரவம் இருந்தது.

விலையைத் தேடி நான் அலைந்த அலைச்சலில் மற்ற மூன்று பாடங்களும் பட்டினி கிடந்தன. தவணைப் பரீட்சையில் மூன்றில் தட்டுத்தடுமாறி நின்றேன். நாலாவதில் தடுமாறக்கூட அவகாசமின்றி விழுந்தேன்.

முதல் வருடத்துப் பிள்ளைகளைக் கவனிக்க ஒரு பேராசிரியர் இருந்தார். எப்போதும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். குரலை உயர்த்தவே தெரியாத சிங்களப் பெரியவர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஒன்றை விட்டுவிடு" என்றார். "நாலையும் பிடித்துக்கொண்டிருந்தால் வருடக் கடைசிப் பரீட்சையில் நாலும் சேர்ந்து உன்னைக் கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு நீ இங்கே வரவேண்டிய தேவை இருக்காது."

அவர் சொன்ன மெல்லிய குரலில் அது வாழ்த்து மாதிரிகூட ஒலித்தது. விடுமுறையில் தகப்பனாரிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த தவணையின் முதல் நாளே முடிவைச் சொல்ல வேண்டும், பிறகு மாற்ற முடியாது என்றும் சொன்னார்.

எனக்கே அது அவமானமாகத்தான் பட்டது. மூன்று பாடம் எடுத்தவர்களை நாங்கள், அதாவது நாலு எடுத்துத் திணறிக்கொண்டிருந்த வீரர்கள், ஆஸ்பத்திரி வார்டு என்று பட்டப்பெயர் வைத்து அழைத்து வந்தோம். இப்போது எனக்கே அந்த வார்டில் ஒரு கட்டில்.

மார்கழி விடுமுறைக்கு ரயில் ஏறினேன். அப்புத்தளையில் ரயில் மூடுபனிக்குள் நுழைந்தது. பண்டாரவளையில் வெளியே வந்தது. நான் மட்டும் வெளியே வரவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மலையில் வேலை விட்டிருந்தது. அம்மா நனைந்த கம்பளியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த காம்பராவில் குடியிருந்த அத்தை, மருமகன் வந்துவிட்டான் என்று முகம் கழுவாமலே வந்து வாசலில் குந்தினார். அத்தை என்றால் அப்பாவுக்கு உடன்பிறந்தவர் அல்ல. லயத்தில் ஒரு சுவர்தான் நடுவில் என்றால் அது உறவு.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்தார்.

"படிப்பெல்லாம் எப்படிடா போவுது?"

"நல்லாத்தான் போவுதுப்பா. நாலுல ஒண்ணக் கொறைச்சுக்கச் சொல்றாங்க."

"எத கொறைக்கச் சொல்றாங்க?"

"பாடத்த. நாலு பாடம் எடுக்கிறேன்ல. இனிமே மூணு எடுத்தாப் போதும்னு."

"ஏன் அப்படிச் சொல்றாங்க?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் இலக்கிய நயத்தோடு பதில் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன்.

"நாலு என்னால முடியலயாம்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அத்தைதான் முதலில் வாய் திறந்தார்.

"அட முருகா! புள்ளைக்கு அரைப்பேரு போட்டுட்டாங்களா?"

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. என் சிரிப்பு தனியாகப் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"அரைப்பேர் எல்லாம் இல்லை அத்த. மூணு எடுத்தாலும் பாஸ் பண்ணலாம்."

"அரைப்பேருக்கும் சம்பளம் உண்டுதான் மருமகனே" என்றார் அத்தை, ஆறுதலாக.

அப்பா எழுந்து வாசல்வரை போய் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "இந்த மலையில எத்தன பேருக்கு நான் அரைப்பேரு போட்டிருக்கேன். நாளைக்குப் பெரட்டுக் களத்துல ஒருத்தியாவது கேக்க மாட்டா? 'ஒம் மவன் எத்தன ராத்தல் எடுத்தான் கங்காணி'ன்னு?"

கேட்டார்கள். ஒருத்தி இல்லை, நாலைந்து பேர்.

அதைக் கேட்டுவிட்டு வந்த மாலை அப்பா தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணு, நாலையும் எடு. இல்லாட்டி அங்க அரைப்பேரு வாங்கிக்கிட்டு நிக்க வேணாம். வந்துரு. இஸ்டோருல வேல வாங்கித் தாரேன். இங்க முழுப்பேரா நில்லு."

இஸ்டோர் என்பது எங்கள் தேயிலைத் தொழிற்சாலை. அதன் தலைவர் டீமேக்கர். அப்பா வெறும் வாய்ச்சொல் மனிதர் அல்லர், மறுநாளே போய்க் கேட்டுவிட்டார். கொழுந்து நிறுக்கும் தராசடியில் ஓர் ஆள் தேவைதான், படித்த பையன் என்றால் சந்தோஷம் என்று டீமேக்கர் சொல்லிவிட்டார். நாலு பாடம் எடுத்தால் பரீட்சையில் விழுந்து தராசடிக்கு வர வேண்டும். மூன்று எடுத்தால் விழாமலே தராசடிக்கு வர வேண்டும். எந்த வழியில் போனாலும் என் எதிர்காலம் ஒரு முக்காலி போட்டு அங்கே காத்திருந்தது.

அடுத்த நாட்களில் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் வேலை விட்டு வரும் வழியில் கூடையோடு நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "ஏலாத நாளுன்னு எல்லாருக்கும் வரும் தம்பி." "மாரியாத்தா வந்து எந்திரிச்ச வருசம் எனக்கு மாசம் பூரா அரைப்பேருதான், நான் செத்தா போயிட்டேன்?" "நிறுக்கப் போறதுக்கு முந்தி கூடையில கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கணும், இது தெரியாதா ஒனக்கு?"

கடைசி யோசனை எனக்குத் தெரியாததல்ல. பொருளியல் விடைத்தாளில் நான் தெளிக்காத தண்ணீரா? ஈரம் சொட்டச் சொட்டத்தான் கொடுத்தேன். நிறுத்தவர் கண்டுபிடித்துவிட்டார்.

அத்தை சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் அசைத்தது. மலையில் ஒருத்திக்கு உடம்பு முடியாத நாளில், நிறுக்கும் இடத்துக்குப் போகுமுன் மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். கங்காணி அந்த நேரம் வேறு பக்கம் திரும்பி இருமிக்கொண்டிருப்பார். அப்பாவுக்கே அந்த இருமல் உண்டு.

"அங்க கூடப் படிக்கிற புள்ளைங்க ஆளுக்கு ஒரு புடி போட மாட்டாங்களா?" என்று கேட்டார் அத்தை.

"அப்படிப் போட்டா வெளியே அனுப்பிருவாங்க அத்த."

"என்னா தோட்டமோ அது" என்று அத்தை பெருமூச்சு விட்டார்.

நான் அப்பாவை வாதத்தால் வெல்லலாம் என்று நினைத்தேன். வரலாறும் தமிழும் படித்தவனுக்கு வரும் வியாதி இது. ஒரு மாலை, அவருக்குத் தெரிந்த உவமையையே எடுத்தேன்.

"அப்பா, தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுறீங்க. எதுக்கு? கொறைச்சாத்தான் நல்லாத் துளிர்க்கும்னுதானே? பாடமும் அப்படித்தான்."

இதை நான் ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். சபையில் சொன்னால் கைதட்டு விழும் என்று நம்பினேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கவ்வாத்து வெட்டுறது வயசான செடிக்குடா. ஒன்ன இப்பத்தான் நட்டுருக்கு."

விடவில்லை நான். "சரி, முத்தின கரட்டுக் கொழுந்தா நிறைய எடுக்கிறதவிட, நல்ல கொழுந்தாக் கொஞ்சம் எடுக்கிறது மேல் இல்லையா?"

"நல்ல கொழுந்தும் எடுக்கணும், ராத்தலும் காட்டணும். இதச் சொல்றதுக்கா ஒன்னய அங்க அனுப்புனேன்? இத நான் தெனம் மலையில சும்மாவே சொல்றேன்."

இவ்வாறு வாதக்கலை தன் பணியை முடித்துக்கொண்டது. தவணை தொடங்கும் நாள் நெருங்கியது. இஸ்டோர்ப் பக்கம் போனால் டீமேக்கர் என்னைப் பார்த்து உரிமையோடு சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

வழி சொன்னவர் அம்மாதான். அதுவும் எனக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. அப்பாவோடு பழைய அரைப்பேர்க் கணக்கொன்றைத் தீர்க்கும் தொனியில் சொன்னார்.

"ஒங்க தோட்டத்துச் சட்டத்தையே நீங்க மறந்துட்டீங்களா? வேலையில ஒரு கரச்சல்னா ஆளு நேராத் துரைகிட்டயா போறான்? பேரு பதிஞ்ச கங்காணிகிட்டதானே போறான்? இவனப் பேரு பதிஞ்சது யாரு? அந்த வாத்தியாரய்யாதானே? அவரப் போய்க் கேளுங்க. வீட்டுல ஒக்காந்து புள்ளைய வெரட்டிக்கிட்டு."

அது சட்டம்தான். ஆளைக் கொண்டுவந்து சேர்த்தவரே ஆளுக்குப் பொறுப்பு. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை அப்பா, துரையைப் பார்க்கப் போகும்போது மட்டும் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டு, தலைப்பாகை கட்டி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னால் போனேன். பதுளை பஸ்ஸில் அவருக்கு இடம் கொடுக்க இரண்டு பேர் எழுந்தார்கள். எனக்கு யாரும் எழவில்லை. அரைப்பேர் அதற்குள் பஸ்வரை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாத்தியார் அறையில் சாய்வு நாற்காலியில் பத்திரிகையோடு இருந்தார். எழுந்து வரவேற்றார்.

"வாங்கோ கங்காணியார், இருங்கோ, இருங்கோ. தம்பி, என்ன நீர் இப்பிடி மெலிஞ்சு போனீர்?"

"அரைப்பேருங்க, அதான்" என்றார் அப்பா, உட்காராமலே. "ஐயா, இவன அங்க பேரு பதிஞ்சு அனுப்புனது நீங்கதானே?"

"ஓம், நான்தான். அதுக்கென்ன?"

"நாலு பாடம் இவனால ஏலாதுன்னு ஒண்ணக் கொறைக்கச் சொல்றாங்களாம்."

வாத்தியார் பத்திரிகையை மடித்துத் தொடையில் அடித்தார். "ஏலாதோ? ஆர் அப்பிடிச் சொன்னது? என்ரை பள்ளிக்கூடத்திலை படிச்ச பிள்ளைக்கு ஏலாதோ? குறைக்கிற கதையே கதையாதையும் தம்பி. நாலு எடுத்தவன்தான் நாளைக்கு நிமிந்து நடப்பான்."

"அதையேதாங்க நானும் சொல்றேன்" என்றார் அப்பா. அவர் முகம் மலர்ந்தது. அப்போதுதான் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். தராசடி முக்காலி என் பக்கமாக ஓர் அடி நகர்ந்து வந்தது. வாத்தியார் தேநீர் போட்டார். இருவரும் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சோம்பலைப் பற்றி, ஒருவர் மலைத் தமிழிலும் மற்றவர் வடக்குத் தமிழிலுமாக, வெகு ஒற்றுமையாகப் பேசினார்கள். நான் மெலிந்த காரணம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

தேநீரைக் குடித்துக்கொண்டே, தொழில்காரருக்குத் தொழில்காரர் கேட்கும் சாதாரண விசாரிப்பாக, அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க ஒரு பேருக்கு எத்தனங்கய்யா?"

வாத்தியார் விழித்தார். நான் மொழிபெயர்த்தேன். குறைந்தது எத்தனை பாடம் எடுத்தாக வேண்டும் என்று கேட்கிறார் என்றேன்.

"ஓ, அதுவோ? எடுக்க வேண்டியது மூண்டுதான். நாலாவது, விருப்பமெண்டால்."

அப்பாவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"மூணா? அப்ப மூணு எடுத்தா முழுப்பேரா?"

"முழுப்பேர்தான்ப்பா" என்றேன் அவசரமாக. இவ்வளவு நாளும் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டு என்று கேலி செய்த வாய்க்கு, அவர்கள்தான் முழுப்பேர்க்காரர்கள் என்று எப்படித் தோன்றும்?

"மத்தப் புள்ளைங்க எல்லாம் எத்தன எடுக்குது?"

"கனபேர் மூண்டுதான்" என்றார் வாத்தியார். "அதுகள் சும்மா..."

"அப்ப நாலாவது ராத்தலுக்கு மேல எடுக்கிறது. அதுக்குத் தனியாக் காசு குடுப்பாங்களா?"

"காசோ? ஒரு சதமும் இல்லை."

"பட்டத்துல ஏதாச்சும் கூடப் போட்டுக் குடுப்பாங்களா?"

"அப்பிடியும் இல்லை. எல்லாருக்கும் ஒரே பட்டம்தான். இது ஒரு கெட்டித்தனத்துக்கு, கங்காணியார். ஒரு பேருக்கு."

"பேருக்குத்தான் மூணு போதும்னு சொல்றீங்களே."

அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாத்தியாரைப் புதிதாகப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் நம் ஊர்க்காரர் என்று தெரிந்ததும் பார்ப்போமே, அந்த மாதிரி. மெதுவாக ஒரு சிரிப்பும் வந்தது.

"சரிங்கய்யா. எனக்கு வெளங்கிருச்சு. எம் மவன் மூணுதான் எடுப்பான்."

"என்ன கங்காணியார், இப்ப நாலு எண்டு சொன்னீங்கள்? பிள்ளை கெட்டிக்காரன்."

"கெட்டிக்காரன்தாங்க. அதான் நாலு எழுதிட்டீங்க. நான் குத்தம் சொல்லலீங்க. நம்ம தொழில்ல இதெல்லாம் உள்ளதுதானே."

"எந்தத் தொழில்?" என்றார் வாத்தியார்.

அப்பா, பெரிய மனிதர்களுக்குள் சில விஷயங்கள் பேசப்படுவதில்லை என்ற பாவனையில் கைகூப்பி விடைபெற்றார். வாத்தியார் வாசலில் பத்திரிகையோடு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து அப்பா விளக்கினார். சில்லறைக் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. தன் கூட்டத்தில் அன்றைக்கு எத்தனை தலை வேலைக்கு இறங்கியதோ, தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைக்கும். காய்ச்சல்காரரையும் கங்காணி ஏன் கதவைத் தட்டி எழுப்புகிறார் என்பதற்கு இதுவே விளக்கம்.

"வாத்தியாருக்கும் பாடத்துக்கு இவ்வளவுன்னு வரும். அதான் மூணு எழுத வேண்டிய எடத்துல நாலு எழுதிட்டாரு."

"அப்படி ஒண்ணும் இல்லப்பா. அவருக்கு ஒரு சதமும் வராது. சத்தியமா வராது."

"நீ சின்னப்புள்ள. அடுத்தவன் புள்ளைய நாலு படி, நாலு படின்னு எவனாச்சும் சும்மா வெரட்டுவானா? நான் இத்தன வருசமா ஆள வெரட்டுறேனே, சும்மாவா?"

"அவரு சுத்தமான மனுசன்ப்பா."

"நான் என்ன அழுக்கா?" என்றார் அப்பா.

பஸ் வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் குடைப்பிடியில் தாடையை ஊன்றிக்கொண்டு, "நல்ல வேலக்காரன். எனக்கே தெரியாம எம் மவன் மேல ராத்தல் ஏத்திட்டானே" என்று மெச்சிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் அப்பாவின் தலைப்பாகை வழக்கத்தைவிட உயரமாக இருந்தது என்று அத்தை சொன்னார். என் மகன் அங்கே ராத்தலுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான், அதுவும் ஒரு சதம் கூலி இல்லாமல், இனிமேல் எடுக்க மாட்டான், நான் நிறுத்திவிட்டேன் என்று அறிவித்தாராம். நேற்றுவரை என்னைப் பார்த்து இரங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் அப்பாவைத் தனியே அழைத்து, பல்கலைக்கழகத்துக்கு ஒரு கண்டன மகஜர் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம், முதலில் மகன் போய்ப் பேசட்டும் என்று அப்பா பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார். டீமேக்கருக்கும் செய்தி போனது. முக்காலியில் வேறொருவன் உட்கார்ந்தான்.

தவணை தொடங்கிய அன்று பேராசிரியர் முன்னால் நின்றேன்.

"தகப்பனார் என்ன சொன்னார்?"

அப்பாவின் நிலைப்பாட்டை என்னால் முடிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நிர்ணயித்த அளவுக்கு மேல், ஊதியமின்றி, தன் மகனிடம் வேலை வாங்கப்படுவதை அவர் அனுமதிக்க மாட்டார் என்றேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு பொருளியலின் மேல் ஒரு கோடு போட்டார். நேர்கோடு. அந்தப் பாடத்தில் எனக்கு விளங்கிய ஒரே கோடு அதுதான்.

வருடக் கடைசியில் மூன்றிலும் முதலிடம் என்று எழுதக் கை துடிக்கிறது. தேறினேன். அது போதுமானதாக இருந்தது. அங்கேயே இருக்க விட்டார்கள்.

அப்பாவுக்கு மட்டும் மனதில் ஒரு முள் இருந்தது. தன்னால் ஒரு தொழில்காரருக்கு ஒரு பாடத்துத் தலைக்காசு நின்றுபோனதே, பாவம், தனியாள் என்று. அதனால் மாதாமாதம், தன் தலைக்காசு கைக்கு வரும் நாளில், லயத்துக்குப் பின்னால் தான் போட்டிருந்த காய்கறித் தோட்டத்தில் போஞ்சிக்காய் பறித்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து வாத்தியாருக்கு அனுப்பத் தொடங்கினார்.

அடுத்த விடுமுறையில் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். அவர் சோர்ந்திருந்தார்.

"தம்பி, உம்மடை ஐயா மாசாமாசம் போஞ்சி அனுப்பிறார். நான் சொன்ன புத்தியைக் கேளாமல் போனவர், பிறகேன் போஞ்சி?"

"ஒரு மரியாதைக்குத்தான் சேர்."

"மரியாதை சரி. ஆனால் ஒரு சாக்கு மரியாதையை நான் தனிய எப்பிடித் தின்னுறது? அடுத்தமுறை கொஞ்சம் கரட் அனுப்பச் சொல்லும்."

சொன்னேன். அப்பா வாசலில் நின்றபடி அதைக் கேட்டு, வெற்றிகரமாக அம்மா பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? வாயத் தொறந்து கேக்குறாரு பாரு. தலைக்காசு நின்னுபோகாம இருந்தா கேப்பாரா?"

அந்த மாதம் கரட் போனது.